பழைய வண்டியின் மூச்சும் ஒளியும்

ஜீப் வண்டியை அறியாத ஊர் நம் நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின்பொழுது படைகளின் பயனுக்கெனச் செய்யப்பட்ட இச்சிறு வண்டி, போர் முடிந்தபின் ஊர்ப்பணிக்கு வந்தது. 1947-ஆம் ஆண்டு தொட்டு மகிந்திரா நிறுவனத்தார் இதன் உறுப்புகளை வரவழைத்து இந்தியாவிலேயே பூட்டலாயினர். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டார வளர்ச்சி அதிகாரியையும் ஜீப்பையும் பிரித்துக் காணக் கிராமத்தார் அறியார். விதை கொண்டு சென்றோரும், அம்மை குத்தச் சென்றோரும், நிலம் அளக்கச் சென்றோரும் இதிலேயே சென்றனர்.

அந்த வண்டிகள் இன்று பணியிலிருந்து ஓய்ந்துவிட்டன. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. எனினும் தனியார் பலர் பழைய ஜீப்புகளையும், அம்பாசடர், ஃபியட் முதலிய கார்களையும் பேணிக் காக்கின்றனர். முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் நிறைந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளைத் தொன்மை வண்டிகள் எனப் பதிவு செய்ய 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. அத்தகைய வண்டியை அன்றாடப் போக்குவரவுக்கோ வாணிகத்துக்கோ பயன்படுத்துதல் கூடாது. காட்சிக்கும் தொன்மை வண்டிப் பேரணிக்கும் பழுதுபார்ப்புக்கும் கொண்டு செல்லலாம்.

இவ்வண்டிகளைப் பற்றி உடையவர் கூறும் குறைகள் பெரும்பாலும் இரண்டே: “எஞ்சின் சீராக ஓடவில்லை” என்பது ஒன்று, “விளக்கு மங்கலாக எரிகிறது” என்பது மற்றொன்று. முதற்குறைக்குக் கார்புரேட்டரின் துளையைப் பெரிதாக்குவதும், இரண்டாவதற்குப் பெரிய பல்பை மாட்டுவதும் பட்டறைகளில் காணும் வழக்கம். இரண்டும் தவறு. கார்புரேட்டரின் துளையும் விளக்கின் கம்பியும் கணக்கிட்டு அமைக்கப்பட்ட பாதைகள். ஒன்றில் பெட்ரோலும் மற்றொன்றில் மின்னோட்டமும் செல்கின்றன. காலப்போக்கில் அப்பாதைகளில் படியும் படிவே நோய்க்குக் காரணம். படிவை நீக்கிப் பழைய அளவை மீட்பதே மருந்து. இதனைச் சிறிது விரிவாகக் காண்போம்.

காற்றும் பெட்ரோலும் கலக்கும் விதம்

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும்; அதுவும் கணக்காக வேண்டும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்றுத் தேவை. கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. இவ்விரண்டையும் எஞ்சினின் ஒவ்வொரு வேகத்திலும் ஒவ்வொரு சுமையிலும் ஏற்ற விகிதத்தில் கலந்து தருவதே கார்புரேட்டரின் கடமை.

இதனை அது செய்யும் விதம் எளிது. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று, நடுவே குறுகிய ஒரு குழலின் வழியே செல்கிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் மிகுகிறது. வேகம் மிகவே அங்கு அழுத்தம் குறைகிறது. குறுகிய குழலில் ஓடும் நீரைப் பற்றி இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி 1797-ஆம் ஆண்டில் எழுதினார். அவர் பெயராலேயே இக்குழல் வெஞ்சுரி எனப்படுகிறது. அழுத்தம் குறைந்த இவ்விடத்தில் பெட்ரோல் குழாயின் வாய் அமைந்திருப்பதால், அருகிலுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலெழுந்து, காற்றில் சிதறித் துவலைகளாகக் கலக்கிறது. பெட்ரோலைப் பீச்சித் தெளிக்கும் இத்தகைய கார்புரேட்டரை ஜெர்மானியப் பொறியியலார் வில்ஹெல்ம் மேபாக் 1893-ஆம் ஆண்டில் அமைத்தார்.

கிண்ணத்தில் பெட்ரோல் எப்பொழுதும் ஒரே மட்டத்தில் நிற்றல் வேண்டும். அதற்கென ஒரு மிதவையும் ஓர் ஊசி வால்வும் உள்ளன. மட்டம் உயர்ந்தால் மிதவை மேலெழுந்து ஊசியை அழுத்தி வரவை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். கிண்ணத்திலிருந்து வெஞ்சுரிக்குச் செல்லும் பெட்ரோலின் அளவை வரையறுப்பது ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் துண்டின் துளை. இந்திய ஜீப்புகள் பலவற்றில் உள்ள சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஜெட்டின் மேல் பொறித்த எண்ணே அத்துளையின் அளவைக் காட்டும். 120 என்றிருந்தால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர் என்பது பொருள். போர்க்கால ஜீப்பின் கார்ட்டர் கார்புரேட்டரில் ஜெட்டின் நடுவே முனை மெலிந்த ஓர் அளவுக்கம்பி ஏறி இறங்கித் துளையின் அளவை மாற்றும். எஸ்.யு. வகையில் காற்றுச் செல்லும் குழலே விரிந்து சுருங்கும். அமைப்பு வேறாயினும் தத்துவம் ஒன்றே.

கோளாறு எங்கே தோன்றுகிறது?

கார்புரேட்டரின் மேல் பழி சுமத்துமுன் தீப்பொறியைச் சோதித்தல் நலம். தேய்ந்த காண்டாக்ட் முனைகளும் கரி படிந்த ப்ளக்குகளும் கார்புரேட்டர் கோளாறு போலவே தோன்றும். அவை செம்மையாக இருந்தும் எஞ்சின் திணறுமானால், அப்பொழுது கார்புரேட்டரைத் திறக்கலாம்.

நெடுநாள் நின்ற வண்டியின் மிதவைக் கிண்ணத்தில் மஞ்சளும் பழுப்புமான ஒரு பிசின் காணப்படும். பெட்ரோலிலுள்ள நிறைவுறாத ஹைட்ரோகார்பன்கள் காற்றின் பிராணவாயுவுடன் கூடிப் பிசினாகத் திரிகின்றன. எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, இப்பிசின் மட்டும் தங்கி ஜெட்டின் துளையை அடைக்கிறது. மிகச் சிறிய துளையே முதலில் அடைபடும். ஆகவேதான், வண்டி ஓடும்பொழுது ஒருவாறு நன்றாக இருந்து, நிறுத்தத்தில் மட்டும் எஞ்சின் அணைந்துபோகிறது. நிறுத்தத்தில் வேலை செய்வது ஐடில் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர் அளவினது.

கிண்ணத்தில் வெண்மையான பொடி காணப்பட்டால் அது நீரால் வந்த அரிப்பு. கார்புரேட்டரின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டது. ஈரம் பட்டால் துத்தநாகம் வெண்பொடியாக மாறும். சிவந்த பொடி காணப்பட்டால் அது டாங்கியிலிருந்து வந்த இரும்புத் துரு. டாங்கியைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது, குளத்தில் சேறிருக்க மதகைக் கழுவுவது போன்றதாகும். நூறு மைல் செல்லுமுன் மீண்டும் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம் தேய்மானம். த்ராட்டில் தகட்டைத் தாங்கும் அச்சு ஆயிரமாயிரம் முறை திரும்பித் தன் துளையைத் தேய்த்துவிடுகிறது. அவ்வழியே கணக்கில் வாராத காற்று உட்புகும். எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது அச்சின் முனையில் ஒரு துளி கெட்டி எண்ணெய் இட்டுப் பார்க்க. ஓட்டம் உடனே மாறினால் அங்குக் காற்று நுழைகிறது எனத் தெளியலாம். இதற்குப் புதிய அச்சும் புதிய புஷ்ஷும் பொருத்துவதன்றி வேறு வழியில்லை.

சுத்தம் செய்யும் முறை

பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. அது தரையோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டக்கூடும். ஆதலால் திறந்த வெளியில், பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குக. புகைபிடித்தல் கூடவே கூடாது.

கழற்றும்பொழுது ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தல் வேண்டும். கலவை திருகாணியைக் கழற்றுமுன், அதனை மெதுவாக உட்புறம் முழுதும் திருகி, எத்தனை சுற்று வந்தது என்பதைக் குறித்துக்கொள்க. மீண்டும் பொருத்தும்பொழுது இக்குறிப்பே வழிகாட்டி. இறுக்கித் திருகினால் அதன் கூர்முனை பள்ளம் விழுந்து பயனற்றுப்போகும். ஜெட்டைக் கழற்ற, அதன் வெட்டில் சரியாக அமரும் திருப்புளியையே கொள்க. பித்தளை மெதுவானது, பொருந்தாத திருப்புளி வெட்டைச் சிதைத்துவிடும்.

உறுப்புகளை மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்த்தால் பிசினின் பெரும்பகுதி நீங்கும். எஞ்சியதைக் கடைகளில் கிடைக்கும் கார்புரேட்டர் கரைப்பான் நீக்கும். அதனைக் கையுறை அணிந்தே தொடுதல் வேண்டும். காஸ்டிக் சோடாவை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது பிசினோடு துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் சேர்த்தே அரித்துவிடும். பின்னர் ஒவ்வொரு வழியிலும் காற்றை அழுத்தி ஊதி, மறுபுறம் தாராளமாக வருகிறதா எனக் காண்க. மிதவையும் ரப்பர், தோல் உறுப்புகளும் உள்ளிருக்கக் காற்றடித்தல் கூடாது. ஆக்ஸிலரேட்டர் பம்பின் தோல் வளையம் காய்ந்து சுருங்கியிருந்தால், தையல் யந்திர எண்ணெயில் ஊறவைக்க அது மீண்டும் மென்மையடையும், கிழிந்திருந்தால் மாற்றுக.

பித்தளை மிதவையைக் காதருகில் வைத்து அசைத்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பது தெரியவரும். துளை எங்குள்ளது என்று காண, வேறிடத்தில் சூடாக்கிக் கொண்டுவந்த வெந்நீரில் மிதவையை அமிழ்த்துக. உள்ளிருக்கும் ஆவி விரிந்து, துளை வழியே குமிழிகளாக வெளிவரும். உள்ளே பெட்ரோல் இருக்கும்பொழுது மிதவையில் பற்றுவைக்க முயல்வது பேராபத்து. ஆவி வெடித்து முகத்தையும் கண்ணையும் சிதைத்துவிடும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, பெட்ரோல் முழுவதையும் வடித்து, வெந்நீரில் பலமுறை கழுவி உலர்த்திய பின்னரே பற்றுவைக்கலாம். பற்றீயம் மிகுந்தால் மிதவை கனத்து, பெட்ரோல் மட்டம் உயர்ந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். புதிய மிதவை கிடைக்குமாயின் அதனை வாங்குவதே மேல்.

இருபுறத் தட்டைப் பரப்புகளும் நேராக உள்ளனவா என்று ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். மிகையாக இறுக்கியதால் வளைந்திருந்தால், கண்ணாடியின் மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, அதன்மேல் மெதுவாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். காஸ்கெட் மட்டும் எப்பொழுதும் புதியதாகவே இருக்கட்டும்.

ஜெட்டில் கம்பி நுழைக்கலாமா?

அடைபட்ட ஜெட்டைக் கண்டவுடன் கை ஒரு கம்பியை நாடுகிறது. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். துளையின் வழியே செல்லும் பெட்ரோலின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 0.45 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஐடில் ஜெட்டை எஃகுக் கம்பி 0.05 மில்லிமீட்டர் மட்டும் அகலப்படுத்தியது எனக் கொள்வோம். இது மெல்லியதொரு தலைமயிரின் தடிமன். ஆயினும் துளையின் பரப்பு 23 சதவீதம் கூடிவிடுகிறது. பெட்ரோலும் ஏறத்தாழ அவ்வளவே மிகும். வண்டி கரும்புகை கக்கும். ப்ளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி எஞ்சினைத் தேய்க்கும். அகன்ற துளையை மீண்டும் குறுக்க இயலாது. கரைப்பானும் காற்றும் தீர்க்காத அடைப்பை, துளையினும் மெல்லிய நைலான் இழை தீர்க்கும். அதற்கும் மசியாவிடில் அதே எண்ணுள்ள புதிய ஜெட்டை வாங்கிப் பொருத்துக.

புதிய எரிபொருளும் பழைய உறுப்பும்

ஜெட்டை மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிமுகமாகி நாடெங்கும் பரவியது. எத்தனாலின் மூலக்கூறிலேயே பிராணவாயு இருப்பதால், அது எரியக் குறைந்த காற்றே போதும்: ஒரு கிலோகிராமுக்கு 9 கிலோகிராம். கலவைப் பெட்ரோலுக்கு இக்கணக்கு ஏறத்தாழ 13.5 ஆகிறது. அதாவது, அதே காற்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் மிகுதியான எரிபொருள் வேண்டும். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் இதனை உணர்ந்து சரிசெய்கிறது. கார்புரேட்டருக்கு அவ்வறிவு இல்லை. எனவே பழைய எஞ்சின் எரிபொருள் குன்றிய கலவையில் ஓடித் திணறலாம், சூடும் மிகலாம்.

120 எண் ஜெட்டின் இடத்தில் 125 எண் ஜெட்டைப் பொருத்தினால் பரப்பு 8.5 சதவீதம் கூடும்; குறை நீங்கும். இது கணக்கறிந்து, எண் பொறித்த ஜெட்டைக் கொண்டு செய்யும் மாற்றம். பழைய ஜெட்டைக் காகிதத்தில் பொதிந்து வைத்துக்கொண்டால் எப்பொழுது வேண்டினும் முன்னைய நிலைக்குத் திரும்பலாம். முதலில் ப்ளக்கின் நிறத்தைப் பார்க்க. இளம்பழுப்பாக இருந்தால் எதையும் மாற்ற வேண்டுவதில்லை. வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தால் மட்டுமே மாற்றுக.

எத்தனாலால் வரும் வேறு தீங்குகளும் உள. மிகப் பழைய கார்புரேட்டர்களில் மிதவை தக்கையால் ஆனது. அதன் மேற்பூச்சு அரக்கு. அரக்கைக் கரைக்க மரச்சாமான் பூசுவோர் கையாளும் கரைப்பானே ஸ்பிரிட் எனப்படும் எத்தனால்! பூச்சுக் கரைந்தால் தக்கை பெட்ரோலைக் குடித்து அமிழும். பெட்ரோல் சூடான எஞ்சினின் மேல் வழியும். பழைய ரப்பர்க் குழாய்களும் டயஃபிரமும் ஊதி மெலிந்து கசியும். பழைய வண்டிகள் தீப்பற்றுவதற்கு இத்தகைய கசிவு ஒரு காரணமாகலாம். ஆதலால் எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவதே முதல் வேலை. எத்தனால் நீரையும் ஈர்க்கும். பெட்ரோல் தேங்கிய வண்டியைப் பல மாதம் நிறுத்திவைத்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். நெடுநாள் நிறுத்துவதாயின் கார்புரேட்டர்க் கிண்ணத்தை வடித்துவிடுக.

விளக்கு ஏன் மங்குகிறது?

இனி விளக்கைக் காண்போம். இங்குப் பெட்ரோலுக்குப் பதிலாக மின்னோட்டம். பிசினுக்குப் பதிலாகத் துரு. அவ்வளவே வேறுபாடு.

இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் 3.4-ஆம் அடுக்கிற்கு ஏற்ப மாறுகிறது. இதன் பொருள் யாதெனில், அழுத்தம் சிறிது குறைந்தாலும் ஒளி பெரிதும் குறையும். அழுத்தத்தில் 10 சதவீதம் இழந்தால் ஒளியில் 30 சதவீதம் போய்விடும்.

போர்க்கால ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ட்டினது. 45 வாட் முன்விளக்குகள் இரண்டு முழு அழுத்தத்தில் 15 ஆம்பியர் கொள்ளும். வழியிலுள்ள சுவிட்சு, இணைப்புகள், கம்பி, எர்த் ஆகியவற்றில் மொத்தம் 0.074 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று கொள்வோம். இது மிகச் சிறிய தடையே. எனினும் அங்கு ஒரு வோல்ட் இழப்பாகி, விளக்குக்கு 5 வோல்ட்டே கிட்டும். ஒளியோ 54 சதவீதமாகச் சுருங்கிவிடும். இதே தடை 12 வோல்ட் வண்டியில் இருந்தால் மின்னோட்டம் பாதியாதலால் அரை வோல்ட் அளவே இழப்பு. ஒளியும் 15 சதவீதமே குறையும். 6 வோல்ட் வண்டியைப் பழுதுபார்த்தோர் 12 வோல்ட் வண்டிக்குரிய மெல்லிய கம்பியை இழுத்துவிட்டிருந்தால், அதன் விளக்கு ஏன் மங்கும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

இனி, 45 வாட்டுக்குப் பதிலாக 60 வாட் பல்பு மாட்டுவதாகக் கொள்வோம். மின்னோட்டம் மிகுவதால் அதே தடையில் இழப்பும் மிகும். விளக்கை எட்டுவது 4.7 வோல்ட்டே. பழைய பல்பு தரவேண்டிய முழு ஒளியை 100 எனக் கொண்டால், முன்பு 54 கிட்டியது. இப்பொழுது 58 கிட்டும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் இணைப்புகளில் தோன்றும் வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். பழைய வண்டிகள் பலவற்றில் முன்விளக்குச் சுற்றில் ஃப்யூஸ் இருப்பதில்லை; கம்பியின் உறை துணியும் ரப்பருமே. ஒளியைத் தேடியவர் நெருப்பைப் பெறுவார்.

டைனமோவின் ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை உயர்த்துவதும் வேண்டா. அழுத்தம் 5 சதவீதம் உயர்ந்தால் ஒளி 18 சதவீதம் கூடும் என்பது உண்மையே, ஆனால் பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும், பாட்டரியும் கெடும்.

அளந்து காணல்

தடை எங்குள்ளது என்று ஊகிக்க வேண்டுவதில்லை. ஒரு வோல்ட்மீட்டர் சொல்லிவிடும். விளக்கை எரியவிட்டு, முதலில் பாட்டரியின் இருமுனைகளுக்கிடையே அளக்க. அடுத்து விளக்கின் முனைகளில் அளக்க. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மொத்த இழப்பு. பின்னர் பாட்டரி முனைக்கும் சுவிட்சுக்கும் இடையே, சுவிட்சின் இருபுறத்தே, டிப் சுவிட்சின் இருபுறத்தே, இறுதியில் விளக்கின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே என ஒவ்வொன்றாக அளந்து எழுதுக. ஒரே இணைப்பில் கால் வோல்ட் இழப்புக் காணப்பட்டால் அவ்விணைப்பே குற்றவாளி. விளக்கு அணைந்திருக்கும்பொழுது அளந்தால் எதுவும் தெரியாது. ஓட்டம் இருந்தால்தான் இழப்பும் இருக்கும்.

பெரும்பாலும் குற்றம் எர்த்தில்தான் இருக்கும். பழைய வண்டியில் மின்னோட்டம் திரும்பும் வழி இரும்பு உடலே. மட்கார்டுக்கும் சட்டத்துக்கும் இடையே துருவும், அதன்மேல் புதுப்பித்தோர் பூசிய பெயிண்டும் சேர்ந்து அவ்வழியை அடைக்கின்றன. இணைப்பிடத்தைப் பளபளக்கத் தேய்த்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுக. விளக்கின் கூட்டிலிருந்து சட்டத்துக்குத் தனிக்கம்பி ஒன்று இடுதல் சிறப்பு. பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் நேர்முனையே எர்த் ஆகும். ஆகையால் பாட்டரியைத் தொடுமுன் அதனைப் பார்த்துக்கொள்க.

கம்பியின் பருமனையும் கவனித்தல் வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் நீளத்தில் 15 ஆம்பியர் சென்றால் அரை வோல்ட் இழப்பாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் கால் வோல்ட்டுக்கும் குறைவே. பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியே பருத்த கம்பியை நேரே விளக்கருகில் கொண்டுசென்று, ஒரு ரிலே வைத்து இணைத்தால், பழைய சுவிட்சு ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டுமே தாங்கும். வண்டியின் வெளித்தோற்றமும் மாறாது. வேண்டாதபொழுது நீக்கியும் விடலாம்.

பிரதிபலிப்பானும் பல்பும்

விளக்கை எட்டிய மின்சாரம் முழுதும் ஒளியானாலும், அதனைச் சாலையில் சேர்ப்பது பிரதிபலிப்பானே. வெள்ளி முலாம் இட்டது ஒளியில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பும். அலுமினியம் படிந்ததும் 90 சதவீதத்தை ஒட்டித் திருப்பும். குரோமிய முலாமோ 65 சதவீதத்தை ஒட்டியதே. கண்ணுக்குப் பளபளப்பதால் சிலர் பிரதிபலிப்பானுக்குக் குரோமிய முலாம் இடுகின்றனர். அதனால் மூன்றில் ஒரு பங்கு ஒளியை இழக்கின்றனர். வெள்ளி கறுத்திருந்தால் மென்பஞ்சாலும் நுண்ணிய மெருகுப் பொடியாலும் நடுவிலிருந்து விளிம்புநோக்கி மெல்லத் துடைக்கலாம். அலுமினியப் படிவு மிக மெல்லியது, துடைத்தால் நீங்கிவிடும். அதற்கு மறுபடி படிவு செய்விப்பதே வழி. 1940-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க வண்டிகளில் வழங்கிய சீல்டு பீம் விளக்கில் இழையும் பிரதிபலிப்பானும் கண்ணாடியும் ஒன்றாக மூடப்பட்டிருப்பதால் முழுவதையும் மாற்றுதல் வேண்டும்.

பல்பின் உட்புறம் கறுத்திருந்தால், அது இழையிலிருந்து ஆவியாகிப் படிந்த டங்ஸ்டன். எரிந்தாலும் அப்பல்பு ஒளி குன்றியதே. ஹாலஜன் பல்பில், ஆவியான டங்ஸ்டன் ஹாலஜனுடன் கூடி மீண்டும் இழைக்கே திரும்புவதால் கண்ணாடி கறுப்பதில்லை. இழையையும் மிகுந்த வெப்பத்தில் எரிக்கலாம். முன்னைய வாட் அளவிலேயே, இழை முன்னைய இடத்திலேயே அமையும் ஹாலஜன் பல்பு கிடைக்குமாயின் பொருத்தலாம். எல்.இ.டி. பல்பு மின்சாரம் சிறிதே கொள்ளும். ஆனால் இழைக்கென வடிவமைத்த பிரதிபலிப்பானில் அதன் ஒளிப்புள்ளி குவியத்தில் அமைவது அரிது. அதனால் ஒளி சிதறி, எதிர்வரும் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். தம் வழி துலங்கப் பிறர் வழியை இருளாக்குதல் முறையன்று.

பின்விளக்கை மறந்துவிடுதல் கூடாது. முன்விளக்கால் நாம் பிறரைக் காண்கிறோம். பின்விளக்கால் பிறர் நம்மைக் காண்கின்றனர். மெதுவாகச் செல்லும் பழைய வண்டிக்குப் பின்னால் விரைந்து வரும் லாரிக்கு அச்சிவப்பு ஒளி ஒன்றே எச்சரிக்கை. அதன் எர்த்தையும் சிவப்புக் கண்ணாடியின் உட்புறத் தூசியையும் முன்விளக்கோடு சேர்த்தே சரிசெய்தல் வேண்டும்.

வகுப்பறையில் காட்டுதற்கு

ஆசிரியர்கள் இவ்விரு தத்துவங்களையும் எளிதில் காட்டலாம். ஒரு குவளை நீரில் ஓர் உறிஞ்சுகுழலை நிறுத்தி, அதன் மேல்வாயின் குறுக்கே மற்றொரு குழலால் பலமாக ஊதுக. நீர் மேலெழுந்து துவலையாகத் தெறிக்கும். குவளையில் நீர்மட்டத்தைத் தாழ்த்திக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் நீர் எழாது நின்றுவிடும். மிதவை ஏன் வேண்டும் என்பதை மாணவர் தாமே கூறுவர்.

இரண்டாவதாக, டார்ச் பல்பு ஒன்றை இரண்டு செல்களுடன் பருத்த செம்புக் கம்பியால் இணைத்து எரிக்க. பின்னர் நடுவே நீண்ட மெல்லிய இரும்புக் கம்பியைச் சேர்க்க. பல்பின் முனைகளில் வோல்ட்மீட்டர் காட்டும் வேறுபாட்டையும் ஒளியின் வேறுபாட்டையும் ஒப்பிடுமாறு சொல்லுக. ஒளியை அளக்க, வெள்ளைத் தாளில் ஒரு துளி எண்ணெய்ப் பொட்டு இட்டு, அத்தாளைச் சோதனை விளக்குக்கும் மாறாத மற்றொரு விளக்குக்கும் இடையே நகர்த்துக. பொட்டு மறையும் இடத்தில் இருபுற ஒளியும் சமம். அவ்விடத்திலிருந்து விளக்குகளின் தொலைவுகளை அளந்து, அவற்றின் இருமடிகளை ஒப்பிட்டால் ஒளிகளின் விகிதம் கிடைக்கும். அழுத்தம் சிறிது குறைய ஒளி பெரிதும் குறைவதை மாணவர் தம் கையால் அளந்தே காண்பர்.

முடிவுரை

பழைய வண்டியைச் செய்தவர்கள் அதன் துளைக்கும் கம்பிக்கும் காரணமின்றி அளவு வகுக்கவில்லை. அவ்வளவு மாறியதா, வழி அடைபட்டதா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். மாற்றுவதற்குத் தக்க காரணம் உண்டாயின், எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பப் பெறக்கூடிய வகையில் மாற்றுதல் வேண்டும். எந்த ஜெட்டு, எந்தக் கம்பி, எத்தனை வோல்ட் இழப்பு என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வண்டியிலேயே வைத்திருந்தால், நமக்குப் பின்னர் அதைத் திறப்பவர் நாம் அளந்த இடத்திலிருந்து தம் வேலையைத் தொடங்கலாம்.